பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே ஸ்ப்ரே கேன் பெயிண்ட்: எது ஆகும், எது ஆகாது, எப்படி அடிப்பது

கேள்வி இதுதான். 2003 மாடல் மாருதி 800, வெள்ளை நிறம். கூரையிலும் பானெட்டிலும் பெயிண்ட் பொடிந்து சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டுகிறது. கதவுகளின் அடியில் துரு பிடித்திருக்கிறது. பட்டறையில் கேட்கும் தொகை வண்டியின் மதிப்பையே நெருங்குகிறது. கடையில் விற்கும் ஸ்ப்ரே கேன்களை வாங்கி முழு வண்டிக்கும் வீட்டிலேயே அடிக்கலாமா? எத்தனை கேன் வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

கூரை, பானெட், துரு பிடித்த கதவுகள் என்று நான்கைந்து பேனல்களோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் தாராளமாக அடிக்கலாம். பொறுமையாகச் செய்தால் சாதாரணப் பட்டறை வேலைக்குக் குறையாமல் வரும். முழு வண்டிக்கும் கேன் என்பதுதான் கணக்கில் இடிக்கிறது.

400 மில்லி கேனில் பாதிக்குச் சற்று மேல்தான் பெயிண்ட், மீதி அதை வெளியே தள்ளும் வாயு. அந்தப் பெயிண்டிலும் பெரும்பகுதி தின்னர். தின்னர் பறந்த பிறகு தகட்டில் தங்கக்கூடிய கெட்டிப் பொருள் ஒரு கேனுக்கு 35 மில்லி அளவுதான். அதிலும் ஏறக்குறைய பாதி புகையாகக் காற்றோடு போய்விடும். ஆக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேனை முழுதாகத் தீர்த்தால் காய்ந்தபின் நிற்கும் படலம் 15 முதல் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). நிறப் பூச்சு மட்டும் 40 மைக்ரானாவது இருந்தால்தான் அடியில் உள்ள பிரைமர் தெரியாது, பாலிஷுக்கும் தாங்கும். அதாவது சதுர மீட்டருக்கு இரண்டு முதல் இரண்டரை கேன். மாருதி 800-இன் நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.44 மீட்டர், வெளிப்பக்கம் பெயிண்ட் ஏறும் பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். நிறத்துக்கு மட்டும் 18 முதல் 20 கேன், பிரைமருக்கு ஒரு பத்து, மேலே பளபளப்புக்கு அடிக்கும் நிறமற்ற கிளியருக்கு ஒரு பத்து என்று நாற்பதைத் தொட்டுவிடும். அந்தச் செலவுக்கு ஒரு கம்பிரசரையும் ஸ்ப்ரே கன்னையும் வாடகைக்கு எடுத்து, இரண்டு இரண்டரை லிட்டர் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் வாங்கி அடித்தால் படலமும் கனமாக இருக்கும், ஆயுளும் கூடும். முழு வண்டிதான் வேண்டும் என்றால் அந்த வழிக்குப் போங்கள்.

கேன் வாங்கும் முன் இன்னொன்று. இந்த வண்டிக்குப் பெயிண்டே தேவைதானா என்று பாருங்கள். அந்தக் காலத்து சாலிட் வெள்ளைக்கு மேல் பெரும்பாலும் கிளியர் கோட் கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருக்கும். வெயிலில் அதன் மேல்தோல் மட்டும் இற்றுப்போய்ப் பொடியாகிறது. பானெட்டின் ஒரு மூலையில் ஒரு சாண் சதுரத்தில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு ஈரத்துணியால் தேயுங்கள். துணியில் வெள்ளை ஏறி, அடியில் பளபளப்பு வந்தால் பெயிண்ட் உயிரோடு இருக்கிறது. ஒரு நாள் பாலிஷில் வேலை முடிந்துவிடும். தேய்க்கத் தேய்க்க சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தால் படலம் தீர்ந்துபோய் பிரைமருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பேனலுக்குத்தான் பெயிண்ட். பல வண்டிகளில் கூரைக்கும் பானெட்டுக்கும் பெயிண்ட், பக்கவாட்டுக்கு பாலிஷ் என்றுதான் முடிவு வரும்.

அடுத்து, இப்போது மேலே இருப்பது கம்பெனி பெயிண்டா, நடுவில் யாராவது அடித்ததா? வெள்ளைப் பஞ்சில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை நனைத்து, கண்ணில் படாத ஓரத்தில் அரை நிமிடம் அழுத்தி வைத்துத் துடையுங்கள். சூட்டில் வாட்டிய கம்பெனி பெயிண்ட் அசையாது. பஞ்சில் நிறம் கரைந்து வந்தாலோ, தோல் சுருங்கினாலோ அது பின்னால் அடித்த மலிவான பெயிண்ட். அதன் மேல் கேன் பெயிண்டின் தின்னர் பட்டதும் வெந்த பாலின் ஆடைபோல் சுருங்கி எழும். அப்படி இருந்தால் அந்தப் பேனலைக் கீழே உறுதியான படலம் வரும்வரை தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. மேலே ஒன்றை அடித்து மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

கேன்களில் எதை வாங்குவது என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சாதாரண கேன் பெயிண்ட் ஒன்-கே, அதாவது தின்னர் பறந்து காய்வது மட்டும்தான், உள்ளே எந்த இறுக்கமும் நடப்பதில்லை. ஆறு மாதம் கழித்தும் அதன் மேல் ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் இளகிவிடும். டூ-கே என்பதில் பெயிண்டை இறுக்கும் ஹார்ட்னர் தனி அறையில் இருக்கும். கேனின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே கலந்து, அதன் பிறகு வினை நடந்து இறுகும். பெட்ரோல், வெயில், பறவை எச்சம் மூன்றையும் தாங்குவது அதுதான். எல்லாவற்றையும் டூ-கேயில் வாங்க வேண்டியதில்லை. நிறம் ஒன்-கே, மேலே கிளியர் டூ-கே என்பது செலவுக்கும் பலனுக்கும் பொருந்தி வரும் ஏற்பாடு. கிளியரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்-கே கிளியர் அடித்த கூரை நம் ஊர் வெயிலில் சீக்கிரமே மங்கித் தோல் உரியத் தொடங்கும்.

மாருதியின் வழக்கமான வெள்ளை ‘சுப்பீரியர் ஒயிட்’, குறியீடு 26யூ. ஆனால் குறியீட்டை மட்டும் சொல்லி வாங்கினால், இருபது வருடம் வெயிலில் மஞ்சளேறிய கதவுக்குப் பக்கத்தில் புதுப் பானெட் பல் செட் போலத் தெரியும். பெட்ரோல் மூடியை மூடும் சிறு கதவைக் கழற்றி, பாலிஷ் போட்டு, பெயிண்ட் கலக்கும் கடைக்குக் கொண்டுபோய் அந்த நிறத்துக்குக் கலந்து கேனில் நிரப்பித் தரச் சொல்லுங்கள். பாலிஷ் போடாமல் கொண்டுபோனால் அழுக்கின் நிறத்துக்குத்தான் கலப்பார்கள். ஒரே கலவையில் எல்லாக் கேன்களையும் நிரப்பி வாங்குவது முக்கியம். நாலு நாள் கழித்து இன்னும் இரண்டு வேண்டும் என்று போனால் சாயல் மாறும்.

கூரை சுமார் ஒன்றரை சதுர மீட்டர், பானெட் ஏறக்குறைய ஒன்று, கதவுகள் ஒவ்வொன்றும் அரைக்குச் சற்று மேல். கூரை, பானெட், இரண்டு கதவு என்றால் பரப்பு ஏறக்குறைய 3.75 சதுர மீட்டர். அதற்கு வெள்ளை 9 கேன், ஃபில்லர் பிரைமர் (சிறு கீறல்களை நிரப்பும் கனமான பிரைமர்) 4, எட்ச் பிரைமர் (வெறும் தகட்டைப் பற்றிக்கொள்ளும் முதல் பிரைமர்) 1, டூ-கே கிளியர் 5, கைடு கோட்டுக்கு (பள்ளம் கண்டுபிடிக்கத் தூவும் பூச்சு) மலிவான கறுப்பு 1. வெள்ளைக்கு மறைக்கும் சக்தி குறைவு, அதனால் பிரைமரை வெள்ளையிலோ வெளிர் சாம்பலிலோ வாங்குங்கள். சிவப்பு ஆக்சைடு பிரைமர் மேல் வெள்ளை அடித்தால் மூன்று கோட் வீணாகும்.

துருவிலிருந்து தொடங்குவோம். மாருதி 800-இல் அது கூடுகட்டும் இடங்கள் தெரிந்தவைதான்: கதவின் அடி மடிப்பு, முன் ஃபெண்டரின் பின்பக்கக் கீழ்மூலை, ரன்னிங் போர்டு, கண்ணாடி பீடிங்கின் அடி, டிக்கி ரப்பருக்குக் கீழே உள்ள தகடு, பேட்டரித் தட்டு. கதவு அடியில் துருப் பிடிக்கக் காரணம், மழைநீர் வெளியேறும் சிறு துளைகள் மண்ணடைத்துத் தண்ணீர் உள்ளே தேங்குவது. கம்பியால் அவற்றைக் குத்தித் திறக்காமல் வெளியே எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும், அடுத்த மழைக்காலத்திலேயே உள்ளிருந்து கொப்புளம் வரும்.

80 நம்பர் எமரியால் வெள்ளித் தகடு தெரியும்வரை தேயுங்கள். கொப்புளம் தெரியும் இடத்தைவிட இரண்டு விரற்கடை அகலமாகவே போக வேண்டும், பெயிண்டுக்கு அடியில் துரு அவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகடு செத்துவிட்டது, டிங்கரிடம் கொடுத்து வெட்டித் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி அப்பினால் அது பின்பக்கத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மொத்தமாகக் கழன்று விழும். ஓட்டை இல்லாமல் கறுப்புப் புள்ளிகளாகக் குழிந்த துரு மட்டும் இருந்தால் பாஸ்போரிக் அமிலம் உள்ள துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, நன்றாகக் கழுவித் துடைத்து உடனே காயவைத்துவிடுங்கள். அமில எச்சம் மேலே வைக்கும் பட்டியை இறுக விடாது. கதவின் உள்ளே எண்ணெயோ மெழுகோ விடும் யோசனை இருந்தால் அதை பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள். முன்னாலேயே விட்டால் மடிப்பு வழியே கசிந்து புதுப் பெயிண்டில் கண் கண்ணாகக் குழி விழும்.

சிறு ஒடுக்குகளுக்குப் பட்டி. டப்பாவும் சிறு ட்யூபும் சேர்ந்து வரும் பாலியெஸ்டர் பட்டிதான் வேண்டும். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஹார்ட்னர். கோலிக்குண்டு அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி ரொம்பவே அதிகம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகக் கலந்தால் ஹார்ட்னரில் உள்ள பெராக்சைடு மிஞ்சி மேலே ஊறி, வெள்ளைப் பெயிண்டில் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ திட்டுத் திட்டாக வெளிவரும், சில சமயம் வேலை முடிந்து பல நாள் கழித்து. 35 டிகிரி வெயில் நாளில் கலந்த பட்டி மூன்று நான்கு நிமிடத்தில் உருண்டுவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். அதற்கு மேல் பள்ளம் என்றால் தகட்டைத் தட்டி எடுத்துவிட்டுத்தான் பட்டி. எட்ச் பிரைமர் அடித்த தகட்டின் மேல் இந்தப் பட்டியை வைக்கக் கூடாது. 80 நம்பரில் கீறிய வெறும் தகட்டில் நேராக வைத்துவிட்டு, பிறகு பிரைமருக்குப் போக வேண்டும்.

நம் பட்டறைகளில் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது வழக்கம். பாலியெஸ்டர் பட்டிக்கு அது ஆகாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் டால்க் பொடி, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் மூடிய பிறகு வெயில் ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகிக் கொப்புளமாகும், அடியில் தகடும் துருப்பிடிக்கும். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு 80, 150, 220 என்று உலரவே தேயுங்கள். விரலால் தேய்த்தால் விரல் தடமே அலையாக நிற்கும். கெட்டியான ரப்பர் பிளாக்கில் பேப்பரைச் சுற்றி, ஒரு முறை இடது சாய்வு, ஒரு முறை வலது சாய்வு. சமமாகிவிட்டதா என்பதைக் கண்ணைவிட உள்ளங்கை நன்றாகச் சொல்லும். மெல்லிய துணியைத் தகட்டின் மேல் போட்டுத் தடவினால் சிறு மேடு பள்ளம்கூடத் தெரியும். ஊசித் துளைகளுக்கு மட்டும் என்.சி. பட்டி, சவரம் செய்வது போல ஒரே இழுப்பில். அதைக் கனமாக வைத்தால் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

வெறும் தகடு தெரியும் இடங்களில் எட்ச் பிரைமர், மெல்லிய ஒரே கோட், பின்னால் இருப்பது லேசாகத் தெரியும் அளவுக்கு. அதன் மேல் ஃபில்லர் பிரைமர் மூன்று கோட், கோட்டுக்கு நடுவே 10 நிமிடம். ஒரு இரவு காயட்டும். மறுநாள் கறுப்பு கேனைத் தூர நின்று தூவுங்கள், எள் தூவியது போல. இதுதான் கைடு கோட். 400 நம்பர் பேப்பரைப் பிளாக்கில் சுற்றித் தேய்க்கும்போது கறுப்பு மறையாமல் நிற்கும் இடமெல்லாம் பள்ளம். எல்லாக் கறுப்பும் போனால் தகடு சமம். பெரும்பாலானவர்கள் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். பெயிண்ட் அடித்து வெயிலில் நிறுத்திய பிறகுதான் கதவில் அலை தெரிகிறது. பிரைமரைக் கடைசியாக 600 நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தில் இழுத்து முடியுங்கள். பட்டி இப்போது பிரைமருக்குள் மூடப்பட்டிருப்பதால் தண்ணீர் பயமில்லை; தேய்க்கும்போது எங்காவது பட்டி வெளியே தெரிந்தால் அந்த இடத்தை உலரவிட்டு மறுபடி பிரைமர் தொடுங்கள். பழைய நல்ல பெயிண்ட் இருக்கும் பரப்பையும் இதே 600-இல் பளபளப்பு முழுதும் போகும்வரை. மடிப்பு, விளிம்பு, கைப்பிடிப் பள்ளங்களில் பேப்பர் நுழையாது, அங்கே சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட். பின்னால் பெயிண்ட் முதலில் உரிவது பளபளப்பு போகாமல் விட்ட இந்த ஓரங்களில்தான்.

கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றிவிடுங்கள்: வைப்பர், கதவுக் கைப்பிடி, பீடிங், ஏரியல், எம்ப்ளம். முன் கண்ணாடி ரப்பரைக் கழற்ற வேண்டாம். அதன் உதட்டுக்கு அடியில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகினால் ரப்பர் தகட்டைவிட்டு எழும்பி நிற்கும், பெயிண்ட் அதன் அடி வரை போகும். ரப்பர் ஓரமாக டேப் ஒட்டி அடித்தால் அந்தக் கோட்டிலிருந்து பெயிண்ட் உரிந்துகொண்டே வரும். பெயிண்ட் படக்கூடாத இடங்களை மூடும் பேப்பருக்குப் பிரவுன் ஷீட் நல்லது. செய்தித்தாளில் தின்னர் ஊறி மை கறையாக இறங்கும், நாரும் பறக்கும். ஒரு பேனலின் நடுவில் புதுப் பெயிண்டை முடிக்காதீர்கள். கதவு இடைவெளி, உடல் மடிப்புக் கோடு போன்ற இயல்பான எல்லையில் முடியுங்கள்.

பிறகு சுத்தம். வண்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் ஒரு முறை கழுவுவது தேய்க்கத் தொடங்கும் முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெழுகையும் சிலிக்கானையும் எமரியே கீறலுக்குள் அழுத்திவிடும். அடிப்பதற்குச் சற்று முன் கிரீஸ் ரிமூவர் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், இரண்டு துணியோடு: ஒன்று நனைத்துத் துடைக்க, மற்றது அது காயும் முன் உலரத் துடைத்தெடுக்க. ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், கிட்டேயே வரக்கூடாது. டேஷ்போர்டு பாலிஷை அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் எடுக்க வேண்டாம். அதில் உள்ள சிலிக்கான் ஒரு துளி பறந்து படிந்தாலும் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் விலகி மீன் கண் போலக் குழி விழும்.

காலமும் இடமும் பார்க்க வேண்டும். பெயிண்டிலிருந்து தின்னர் பறக்கும்போது தகடு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோல் நீர் படிந்து பெயிண்ட் பால் கலந்தது போல வெளுத்துவிடும். வெள்ளை நிறத்தில் அது உடனே தெரியாது, கிளியரில் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்க வேண்டாம். ஆடிக் காற்றில் தூசி. மாசி, பங்குனி நல்லது. கடற்கரை ஊர்களில் விடியற்காலையில்தான் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். காலை 10 மணிக்கு மேல், நிழலில் தொடங்குங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே, வெப்பம் 20-இலிருந்து 32 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. தகட்டில் கை வைத்தால் சுடக் கூடாது. சுட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மாட்டிய தின்னர் பிறகு வெடித்து ஊசிமுனைக் கொப்புளங்களை விடும். பொழுது சாயும் முன் முடித்துவிடுங்கள், விளக்கு போட்டால் ஈசல் முழுவதும் கிளியர் மேல்தான் உட்காரும். தரையில் அரை மணி முன்னால் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். தேங்கி நிற்கும் அளவுக்கு ஊற்றினால் ஈரம் கூடிவிடும்.

பாதுகாப்பை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் விளையாட்டே இல்லை. டூ-கே கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைப் பழுதாக்கி, நிரந்தரமான ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடியது. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. தின்னர் ஆவியைப் பிடிக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் தூசி வடிகட்டியும் சேர்ந்த அரைமுக மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். இரண்டு பக்கம் திறந்த இடம் வேண்டும். மூடிய கார் ஷெட்டில் டூ-கே அடிக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் டூ-கேயைத் தொடவே வேண்டாம், கிளியரை மட்டும் பட்டறையில் அடித்துவிடுங்கள். கேனில் உள்ள வாயு எரியக்கூடியது, காற்றைவிடக் கனமானதால் தரையோடு படிந்து ஓடும். பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி, வெல்டிங் எதுவும் கூடாது.

இனி அடிப்பது. முதலில் ஒரு பிஸ்கட் டின் மூடியைத் தேய்த்து பிரைமர், வெள்ளை, கிளியர் மூன்றையும் அதில் அடித்துப் பாருங்கள். நிறம் பொருந்துகிறதா, ஒன்றின் மேல் ஒன்று சுருங்குகிறதா என்பது தகட்டில் தெரியும் முன் மூடியில் தெரிந்துவிடும்.

கேனுக்குள் உள்ள குண்டு சத்தம் போடத் தொடங்கிய பிறகு முழுதாக 2 நிமிடம் குலுக்குங்கள். கேனின் முதுகில் மாட்டும் துப்பாக்கிப் பிடி கடையில் கிடைக்கும். அது இல்லாமல் பத்து கேன் அடித்தால் விரல் மரத்து, அழுத்தம் மாறி, கோடு கோடாக வரும். தகட்டிலிருந்து தூரம் 20 முதல் 25 சென்டிமீட்டர், விரித்த ஒரு சாண். கை வேகம் நொடிக்கு ஓர் அடி. பேனலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறு ஓரத்தைத் தாண்டி விட வேண்டும். பேனலுக்குள் நின்று அழுத்தினால் தொடங்கும் இடத்தில் ஒழுகும். மணிக்கட்டை விசிறிபோல ஆட்டாமல் முழுக்கையும் தகட்டுக்கு இணையாக நகரட்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

முதல் கோட் வெறும் தூவல். முழுதாக மூட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், அடுத்தது பிடித்துக்கொள்ள ஒரு பிசுக்கு வந்தால் போதும். 10 நிமிடம் கழித்து இரண்டாவது, நடுத்தரமாக. மூன்றாவதும் நான்காவதும் ஈரமாக மினுங்கும்படி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 10 முதல் 15 நிமிடம். ஒரு கோட் கிடையாக என்றால் அடுத்தது குறுக்காக. கூரைக்கு ஒரு பக்க ஓரத்திலிருந்து நடு வரை வந்து, உடனே மறுபக்கம் போய் நடுவிலிருந்து எதிர் ஓரத்துக்கு. நடுவில் எல்லை காயாமல் இருந்தால் திட்டுத் தெரியாது. கேனில் கடைசி கால் பங்கு இருக்கும்போது துப்பத் தொடங்கும், அதைக் கதவின் உள்விளிம்புக்கு வைத்துக்கொண்டு பேனலுக்குப் புதுக் கேனை எடுங்கள். ஒவ்வொரு நான்கைந்து இழுப்புக்கும் முனையைத் துணியால் துடையுங்கள், அங்கே திரளும் சொட்டுத்தான் பேனலில் விழுகிறது.

கேனின் மேல் “ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 24 மணி நேரத்துக்குப் பின் மறுகோட்” என்று எழுதியிருந்தால் அதை அப்படியே கடைப்பிடியுங்கள். எனாமல் வகைக் கேன்களில் நடு நேரத்தில் அடித்தால், பாதி காய்ந்த தோலுக்குள் புதுத் தின்னர் ஊறி மொத்தமும் சுருங்கும். நிறத்துக்கு அக்ரிலிக் லேக்கர் வகையைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

வெள்ளை முடிந்து அரை மணி கழித்து, அன்றைக்கே கிளியர். மறுநாளைக்குத் தள்ளினால் மறுபடி லேசாகத் தேய்க்க வேண்டியிருக்கும். பொத்தானை அழுத்தியபின் 2 நிமிடம் குலுக்குங்கள். அழுத்திய கேனை மிச்சம் வைக்க முடியாது, உள்ளேயே கல்லாகிவிடும், அதனால் எல்லாப் பேனலும் தயாரான பிறகே அழுத்துங்கள். மெல்லிய ஒரு கோட், 10 நிமிடம், பிறகு முழு ஈரமாக இரண்டு கோட். கடைசிக் கோட்டில் வெளிச்சம் பிரதிபலிக்கும் இடத்தைப் பார்த்தபடியே கையை நகர்த்துங்கள். பிரதிபலிப்பு கண்ணாடிபோல் ஓடினால் வேகம் சரி, மணல் மணலாகத் தெரிந்தால் தூரமோ வேகமோ அதிகம். டேப்பை 20, 30 நிமிடத்தில், பெயிண்ட் இறுகும் முன், பின்னால் மடக்கிச் சாய்வாக இழுங்கள். மறுநாள் இழுத்தால் ஓரத்தில் பெயிண்டும் கூடவே பிய்யும்.

ஒழுகிவிட்டால் கை வைக்காதீர்கள். ஈரத்தில் விரலால் துடைத்த ஒழுகலைச் சரிசெய்ய பேனலையே மறுபடி தேய்க்க வேண்டிவரும்; இரண்டு நாள் விட்டால் 1000 நம்பர் பேப்பரைச் சிறு மரக்கட்டையில் சுற்றி அந்தத் தடிப்பை மட்டும் இழைத்து எடுத்துவிடலாம். மீன் கண் விழுந்தால் மேலும் மேலும் ஈரமாக அடித்து நிரப்பப் பார்க்காதீர்கள். நிறுத்தி, காயவிட்டு, தேய்த்து, கிரீஸ் ரிமூவரால் மறுபடி துடைத்துவிட்டு, தூவல் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு வந்தால் கவலை வேண்டாம், பாலிஷில் போய்விடும். கேனில் அடித்தது கொஞ்சமாவது அப்படித்தான் வரும்.

டூ-கே கிளியர் 48 மணி நேரம் ஆனபின் 1500, 2000, முடிந்தால் 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, காம்பவுண்ட், அதன்பின் பாலிஷ். விளிம்புகளிலும் மடிப்புக் கோட்டிலும் படலம் மெலிந்திருக்கும், இரண்டு இழுப்பில் வெள்ளையைத் தாண்டி பிரைமர் வந்துவிடும். அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள், கடைசியில் எடுத்துக் கையால் மட்டும் மெருகிடுங்கள்.

வெள்ளைக்கு வெள்ளை அடிப்பதால் ஆர்.சி. புத்தகத்தில் எதுவும் மாறாது. வேறு நிறத்துக்குப் போவதாக இருந்தால் ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருப்பதால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பிறகு பதிவை மாற்றி, இன்சூரன்சுக்கும் தெரிவிக்க வேண்டும். அதோடு கதவின் உள்விளிம்பு, டிக்கி, என்ஜின் அறை எல்லாம் பழைய நிறத்தில் நிற்கும். கேனில் செய்ய வேண்டிய வேலையல்ல அது.

ஒரு வாரம் வண்டியைக் கழுவ வேண்டாம். ஒரு மாதம் மெழுகு வேண்டாம், கார் கவரும் போட வேண்டாம். அடியில் உள்ள தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும், கவரின் நெசவு அப்படியே பெயிண்டில் பதியும். பறவை எச்சம் விழுந்தால் அன்றே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். மிஞ்சிய வெள்ளைக் கேனிலிருந்து கொஞ்சம் பெயிண்டை மூடியில் அடித்து, காலி நெயில் பாலிஷ் புட்டியில் ஊற்றி வைத்துக்கொண்டால், பானெட்டில் கல் தெறித்து விழும் புள்ளிகளைத் துருப்பிடிக்கும் முன் தொட்டுவிடலாம்.